மருந்துக்குப் பின்னால் வரும் பேன்

எலுமிச்சங்காயின் தோல் வெள்ளிச் சாம்பல் பூத்துச் சொரசொரத்துவிட்டால் மண்டியில் அதற்கு விலை கிடைப்பதில்லை. உள்ளே சாறு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தரம் பிரிப்பது தோலைப் பார்த்து. சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் இதே தழும்பு துருநிறத்தில் தெரியும். இதைச் செய்வது துருப்பேன். பூச்சியல்ல, சிலந்திக்கு உறவான உயிர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது. விழுந்த தழும்பு எந்த மருந்துக்கும் மறையாது. பிஞ்சிலேயே லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் வழி. இலைகளில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளை உண்டாக்குவது இன்னொரு இனமான செஞ்சிலந்திப்பேன்.

இரண்டும் எல்லாத் தோட்டத்திலும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று பெருகினால், கடைசியாக எந்த மருந்து அடித்தோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இலைத்துளைப்பானுக்கும் சைலாவுக்கும் அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள், செஞ்சிலந்திப்பேனைத் தின்னும் நன்மைப் பேன்களையும் ஸ்டெத்தோரஸ் என்ற சிறு கறுப்புப் பொறிவண்டையும் சேர்த்தே கொல்கின்றன. வெயில் காலத்தில் செஞ்சிலந்திப்பேனுக்கு ஒரு தலைமுறை முடிய இரண்டு வாரம்கூட ஆகாது. அதைத் தின்பவை மீண்டு வருவதற்குள் மரம் முழுக்கப் பரவிவிடும்.

தாமிர மருந்தின் கதை இன்னும் முக்கியமானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் போர்டோ கலவை அடித்த தோட்டங்களில்தான் துருப்பேன் கூடுதலாக இருந்தது. அந்தப் பேனுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் ஒரு பூஞ்சை இயற்கையிலேயே உண்டு. தாமிரம் அதை அழித்துவிட்டது. 1950-ல் அந்தப் பூஞ்சைக்கு ஹிர்சுடெல்லா தாம்ஸோனி என்று பெயரிட்டார்கள். 1998-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு நம் தென்னைகளையும் பாடாய்ப்படுத்திய ஈரியோபைட் பேன், துருப்பேனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு எதிராகவும் இங்கே இதே பூஞ்சையைப் பயன்படுத்தினார்கள். எலுமிச்சையில் சொறிநோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் இளந்தளிரும் பிஞ்சும் மழையில் நனையும் நாட்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்; தேதி பார்த்து மாதந்தோறும் அடிப்பது துருப்பேனுக்கு நாமே வழிவிடுவதாகும்.

தரையைச் சுத்தமாகச் சுரண்டிப்போடும் பழக்கத்தையும் விட வேண்டும். தென்சீனத்தில் மரங்களுக்கிடையே அஜராட்டம் என்ற களைச்செடியை வேண்டுமென்றே வளர்த்தார்கள். அதன் மகரந்தத்தை உண்டு நன்மைப் பேன்கள் தோட்டத்திலேயே தங்கின. ஸ்பெயினின் வலென்சியா பகுதியிலோ ஃபெஸ்கியூ என்ற புல்லை மூடாக்காக வளர்த்த கிளமென்டைன் ஆரஞ்சுத் தோட்டங்களில் சிலந்திப்பேன் தொல்லை குறைந்தது. எந்தச் செடி எங்கே பொருந்தும் என்பது மண்ணுக்கு மண் மாறும். இங்கே களையை வரிசை விட்டு வரிசை வெட்டினாலே பேன் தின்னிகளுக்குப் புகலிடம் கிடைக்கும். செம்மண் பாதைப் புழுதி படியும் ஓரத்து மரங்களில்தான் செஞ்சிலந்திப்பேன் முதலில் ஏறும். பாதையில் தண்ணீர் தெளிப்பதும், கோடையில் மரத்தை வாடவிடாமல் பாய்ச்சுவதும் செலவு குறைந்த காப்பு.

அதையும் மீறினால், பேன் உள்ள மரங்களுக்கு மட்டும் வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். இயற்கை வேளாண்மையிலும் அதற்கு அனுமதி உண்டு என்றாலும் நன்மைப் பேன்களையும் அது பாதிக்கும், அதனால் கடைசியில்தான் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலையும் காயும் கருகும். எண்ணெய் தெளித்த மரத்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்தே கந்தகம்.