சேற்றில் இறங்கும் வலசை

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தமிழகத்தின் ஏரிகளிலும் கடலோரக் கழிகளிலும் பருவத்தின் முதல் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. வேடந்தாங்கலுக்குக் கூட்டம் போக இன்னும் மூன்று மாதமாவது இருக்கும். வாத்துகளில் முந்தி வரும் நீலச்சிறகி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படலாம். பெரும்பாலான ஏரிகளில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும். உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் ஏற்ற காலம் இதுதான். கரைப்பறவைகள் எனப்படும் இவற்றின் இரை, தண்ணீர் பின்வாங்கிய சேற்றுக்குள் இருக்கிறது.

தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் ஏரி சுருங்கி, நடுவே குட்டையாக நிற்கும். அதைச் சுற்றி விரலளவு ஆழத்தில் நீரும், அதற்கு வெளியே ஈரச் சேறும் வளையமாகப் படர்ந்திருக்கும். 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானின் கால்கள் சில சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. அதைவிட ஆழமான நீரில் அதனால் இரை தேட முடியாது. தண்ணீர் நாள்தோறும் சற்றே வற்ற, முன்பு நீருக்கடியில் இருந்த சேற்றின் புதிய பட்டை ஒன்று வெளிப்படுகிறது. அதில் ரத்தப்புழுக்கள் எனப்படும் சிறு ஈக்களின் செந்நிறப் புழுக்களும், நத்தைக் குஞ்சுகளும், நீர்ப்பூச்சிகளும் நிறைந்திருக்கின்றன. மழை பெய்து ஏரி நிறைந்ததும் இந்த வளையம் மூழ்கிவிடும். அப்போது உள்ளான்கள் உப்பளங்களுக்கும் கடலோரத்துக்கும் நகர, ஏரி வாத்துகளின் வசமாகிறது. ஒரே நீர்நிலை ஓராண்டுக்குள் இரு வேறு பறவைக் கூட்டங்களுக்கு உணவளிப்பது இவ்வாறுதான்.

வடக்கில் கோடை முடியும்போது

இங்கே ஆடி மாதம் நடக்கும்போது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் இனப்பெருக்கக் காலம் முடிவுக்கு வருகிறது. அங்கே ஜூன் மாதத்தில்தான் பனி உருகுகிறது. பூச்சிகள் பெருகியிருக்கும் ஆறேழு வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும். வட சைபீரியாவில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் ஆண் அடைகாப்பதில்லை. இணை சேர்ந்த பிறகு ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகிறது. அடைகாத்து, குஞ்சுகளைப் பறக்கும் பருவம் வரை கவனித்துக்கொள்ளும் பெண் சில வாரங்கள் கழித்துப் புறப்படுகிறது. குஞ்சுகள் எல்லோருக்கும் கடைசி. ஆகவே இந்த இனம் தமிழகக் கரைக்கு ஒரே கூட்டமாக வருவதில்லை: முதலில் ஆண்கள், அடுத்துப் பெண்கள், செப்டம்பரில் இளம்பறவைகள் என்று மூன்று அலைகளாக வருகிறது.

சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்திலிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுகள் வழிகாட்ட மூத்த பறவை இல்லாமலே இந்தத் தொலைவைக் கடக்கின்றன. எந்தத் திசையில், எத்தனை நாள் பறக்க வேண்டும் என்பது பறவையின் மரபிலேயே பொதிந்திருப்பதைச் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்து நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு நேர்மாறானது மன்னார் வளைகுடாப் பகுதிக்கு வரும் நண்டு தின்னி. அரேபியக் கடற்கரைகளில் மணலில் வளை தோண்டி ஒற்றை முட்டையிடும் இந்தக் கருப்பு வெள்ளைப் பறவை, தன் குஞ்சை உடன் அழைத்து வருகிறது; வலசை வந்த இடத்திலும் அதற்கு நண்டு ஊட்டுகிறது.

வருபவை அனைத்தும் துருவத்திலிருந்து வருவனவல்ல. பவளக்காலி லடாக்கிலும் காஷ்மீரிலும் முட்டையிடுகிறது. மணல் உப்புக்கொத்தி இமயமலைக்கு அப்பாலுள்ள மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. ஒரே இனமாகக் கருதப்பட்டுவந்த இது, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு சைபீரிய இனம், திபெத் இனம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவுக்குப் பெரும்பாலும் வருவது திபெத் இனமே. பயணத் தொலைவு குறைவு என்பதால் இவை ஜூலை இறுதியிலேயே கடற்கரையில் தென்படத் தொடங்கும். ஏரி, குளங்களுக்கு முந்தி வருபவை பொரி உள்ளானும் பச்சை உள்ளானும். இரண்டும் வடக்கின் ஊசியிலைக் காட்டுச் சதுப்புகளில் வளர்பவை. பச்சை உள்ளான் தரையில் முட்டையிடாமல், வேறு பறவைகள் மரத்தில் கட்டிக் கைவிட்ட கூடுகளைப் பயன்படுத்திக்கொள்கிறது.

இப்பறவைகள் வந்து போகும் வழி மத்திய ஆசிய வலசைப் பாதை என்று அழைக்கப்படுகிறது. வடதுருவப் பெருங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை ஏறத்தாழ 30 நாடுகளின் மேல் விரிந்து கிடக்கும் இந்தப் பாதையின் தென்முனையில் தமிழகமும் இலங்கையும் இருக்கின்றன.

பயணத்துக்கான எரிபொருள்

நெடும்பயணத்துக்கு முன் கரைப்பறவைகள் தோலுக்கடியிலும் வயிற்றுப் பகுதியிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. சில இனங்களில் உடல் எடை ஏறக்குறைய இருமடங்காகிறது. சுமையைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. அலாஸ்காவிலிருந்து புறப்படும் பட்டைவால் மூக்கன்களின் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை கிளம்பும் நேரத்தில் சுருங்கியிருப்பதை டியூனிஸ் பியர்ஸ்மா, ராபர்ட் கில் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பறக்கும்போது பயன்படாத உறுப்புகளைச் சுருக்கி, சேர்ந்தபின் மீண்டும் வளர்த்துக்கொள்ளும் உடலமைப்பு இது. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட அதே இனத்தின் இளம்பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் நிற்காமல் பறந்தது. தமிழகக் கரைக்கு வரும் பட்டைவால் மூக்கன்கள் அதே இனத்தின் வேறொரு பிரிவைச் சேர்ந்தவை.

இதனால், புதிதாக வந்திறங்கிய பறவை எடை இழந்து, உடலைத் தேற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. நாய் துரத்துவதாலோ, படம் எடுக்க நெருங்குவதாலோ அது எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் இரை தேடும் நேரமும் எஞ்சியிருக்கும் கொழுப்பும் வீணாகின்றன.

இறகில் தெரியும் வயது

உள்ளான்களை இனம் பிரிப்பது கடினம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. குளிர்காலத்தில் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக இருப்பதே காரணம். கோடை இறுதியில் வரும் பறவைகளோ இனப்பெருக்கக் கால நிறத்தின் மிச்சத்தைச் சுமந்துவருகின்றன. வளைமூக்கு உள்ளானின் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறத் திட்டுகள் இருக்கும். சாம்பல் உப்புக்கொத்தியின் வயிற்றில் கருப்பு இறகுகள் ஆங்காங்கே எஞ்சியிருக்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் மங்கிய காவி நிறப் பட்டை தெரியும். அக்டோபருக்குள் இவை மறைந்துவிடும்.

அதே இறகுகள் வயதையும் காட்டுகின்றன. ஆகஸ்டில் வரும் முதிர்ந்த பறவையின் இறகுகள் ஓரம் தேய்ந்து, வெளிறியிருக்கும். பறப்பதற்கான சிறகிறகுகளைப் பெரும்பாலும் இங்கே வந்த பிறகே அது உதிர்த்துப் புதுப்பிக்கிறது. செப்டம்பரில் வரும் இளம்பறவைக்கு எல்லா இறகுகளும் புதியவை. முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிர்நிற விளிம்பு இருப்பதால் முதுகு செதில் பதித்ததுபோல் காணப்படும். இளம் கொசு உள்ளானின் முதுகில் இரண்டு வெண்கோடுகள் கோணமாகச் சந்திக்கும்.

இளம்பறவைகள் கூட்டத்தில் எத்தனை பங்கு என்று எண்ணினால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அந்த ஆண்டின் இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பது தெரியவரும். தூந்திரப் பகுதியில் லெம்மிங் என்னும் எலியினம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரிகிறது. லெம்மிங் மிகுந்த ஆண்டில் துருவ நரிகள் அவற்றைத் தின்று பசியாறுகின்றன. சரிந்த ஆண்டில் உள்ளான்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப்போகின்றன. தென்னாப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் வளைமூக்கு உள்ளான்களில் இளம்பறவைகளின் விகிதம் இந்தச் சுழற்சியோடு ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் 1980-களிலேயே கண்டறிந்தனர்.

ஜூன், ஜூலையில் கடற்கரையில் காணும் உள்ளான்கள் எல்லாம் புதுவரவு என்று கொள்ள முடியாது. முந்தைய ஆண்டு வந்த இளம்பறவைகளில் பல, முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். அவற்றின் உடலில் இனப்பெருக்கக் கால நிறம் ஏறியிருக்காது.

அலகும் இரையும்

ஒரே சேற்றில் பல இனங்கள் மோதலின்றி மேய்வது அலகின் அமைப்பால் சாத்தியமாகிறது. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகும் பெரிய கண்களும் உண்டு. அது சில அடி ஓடி, நின்று, பார்த்து, மேற்பரப்பில் அசையும் இரையைக் கொத்தும். உள்ளான் ஓயாமல் சேற்றைக் குத்தித் துழாவும். அதன் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் செறிந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத புழுவையும் அது கண்டுகொள்கிறது. உள்ளான், மூக்கன் இனங்கள் பலவற்றால் அலகின் நுனியை மட்டும் தனியே திறக்கவும் முடியும். சேற்றுக்குள் ஆழப் புதைந்த அலகை முழுதாகத் திறக்காமலே அவை இரையைப் பற்றுகின்றன. குதிரைமலைக் கோட்டானின் நீண்டு வளைந்த அலகு நண்டு வளைக்குள் நுழைகிறது. கல்திருப்பி உள்ளான் பெயருக்கேற்பக் கல்லையும் கிளிஞ்சலையும் கடற்பாசியையும் புரட்டித் தேடுகிறது. எந்தப் பறவை கரையிலிருந்து எவ்வளவு தள்ளி, எப்படி மேய்கிறது என்பதைக் கவனித்தால், நிறத்தைப் பார்க்கும் முன்பே இனத்தைப் பாதி ஊகித்துவிடலாம்.

எங்கே, எப்போது

சென்னையை ஒட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், கோவளம் முட்டுக்காடு கழி, வடக்கே பழவேற்காடு ஏரி ஆகியவை இப்பருவ நடைக்கு உகந்தவை. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உவர்நீராகவும் மாறுவது. 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கரணை 2022-இலும் கோடியக்கரை 2002-இலும் அந்தத் தகுதியைப் பெற்றன. தெற்கே தனுஷ்கோடி மணல்திட்டுகளும் தூத்துக்குடி உப்பளங்களும் இருக்கின்றன. உப்பளத்தில் ஒவ்வொரு பாத்தியும் வெவ்வேறு ஆழமும் உப்புச்செறிவும் கொண்டது என்பதால் குட்டைக்கால் பறவைக்கும் நெடுங்கால் பறவைக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். தமிழகக் கரையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டரே. அதனால் இங்கே கழிகளில் சேறு வெளிப்படுவதை ஓதத்தோடு காற்றும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா மணல் மூடியிருக்கிறதா என்பதும் தீர்மானிக்கின்றன.

காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை நல்ல நேரம். அதன் பிறகு சேற்றின் மேல் கானல் எழுந்து தொலைநோக்கியில் உருவம் நடுங்கும். கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடல்மேல் நிற்கிறது. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் நின்று மேற்கே கழியைப் பார்த்தால் வெளிச்சம் முதுகுப் பக்கம் அமையும். ஏரியிலும் கிழக்குக் கரையில் தொடங்குவதே முறை. பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்தால், அருகில் போய்விட்டோம் என்பதற்கான அறிகுறி அது.

எண்ணிக்கையும் எதிர்காலமும்

சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் வலசை ஆய்வைத் தொடங்கியது. பின்னர் கோடியக்கரை அந்தக் கழகத்தின் முக்கியமான வளையமிடும் களங்களில் ஒன்றானது. காலில் உலோக வளையத்தோடு நிறக்கொடியும் கட்டப்பட்ட பறவைகளை இன்று கரையில் காண முடிகிறது. கொடிகளின் நிறமும் அவை அமைந்த வரிசையும் நாட்டுக்கு நாடு, இடத்துக்கு இடம் மாறுபடும். நிறம், எழுத்து, கால், தேதி ஆகியவற்றைக் குறித்து அனுப்பினால் பறவை எங்கே வளையமிடப்பட்டது என்பதை அறியலாம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகளை அது எண்ணுகிறது. இங்கே சில வாரம் இளைப்பாறி மேலும் தெற்கே போய்விடும் பறவைகள் அதில் வருவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே ஏரியை வாரந்தோறும் சுற்றி எழுதப்படும் பட்டியல்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. ஈபேர்ட் போன்ற இணையத் தளங்களில் அவற்றைச் சேர்க்கலாம்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிய வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. வலசைப் பாதை நெடுகிலும் ஈரநிலங்கள் சுருங்குவது இத்தகைய சரிவின் முதன்மைக் காரணங்களில் ஒன்று. தமிழகத்தில் ஏரி முழுவதும் மூடப்படாவிட்டாலும் அதன் ஓரம் அழிகிறது. தூர்வாரும்போது ஏரியைச் சீரான ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தால் நீர்க் கொள்ளளவு கூடும். ஆனால் தண்ணீர் வற்றும்போது சேற்று வளையம் உருவாவதற்கான சரிவு இல்லாமற்போகும். ஒரு பக்கக் கரையையாவது மென்சரிவாக விட்டுவைத்தால் நீரும் தேங்கும், உள்ளான்களுக்கும் இடமிருக்கும்.