குளிரில் செல் என்ன செய்கிறது?

"ஃபிரிட்ஜில் வைத்தால் கிருமிகள் செத்துவிடும்" என்று மாணவர்கள் பலர் நம்புகின்றனர். மேல்நிலை வகுப்பில் புரதச்சேர்க்கையைக் கற்பிக்கும்போதே இந்த எண்ணத்தைத் திருத்தலாம்.

37 டிகிரி செல்சியஸில் நன்கு வளரும் எ.கோலை பாக்டீரியாவைத் திடீரென 10 டிகிரிக்கு மாற்றினால், அதன் வளர்ச்சி ஏறத்தாழ 4 மணி நேரம் நின்றுவிடுகிறது. தூது ஆர்.என்.ஏ. ஓர் ஒற்றை இழை. குளிரில் அதன் மடிப்புகள் இறுகுகின்றன. ரைபோசோம் வந்து பொருந்த வேண்டிய தொடக்கப் பகுதி மறைகிறது. செய்தி இருக்கிறது, படிக்கத்தான் முடிவதில்லை. எனவே பெரும்பாலான புரதங்களின் உற்பத்தி குறைகிறது.

ஆனால் செல் செயலற்றுப் போவதில்லை. இந்நிலையில் ஒரு சிறிய புரதம் பெருமளவில் உருவாவதை 1990இல் மசயோரி இனோயேயின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. சி.எஸ்.பி.ஏ. எனப்படும் இக்குளிர் அதிர்ச்சிப் புரதத்தில் 70 அமினோ அமிலங்களே உள்ளன.

மற்றவை தடைபடும்போது இது மட்டும் எப்படிப் பெருகுகிறது? 37 டிகிரியில் இதன் தூது ஆர்.என்.ஏ. சில விநாடிகளில் சிதைந்துவிடும். குளிரில் பல நிமிடங்கள் நிலைக்கும். மேலும், குளிரில் அது வேறு வடிவில் மடிவதால் ரைபோசோம் எளிதில் பொருந்துகிறது. அதாவது, அந்த ஆர்.என்.ஏ.வே வெப்பமானியாகச் செயல்படுகிறது! உருவான புரதம் பிற ஆர்.என்.ஏ.க்களுடன் இணைந்து, அவற்றின் மடிப்புகள் இறுகாமல் காக்கிறது. பிற புரதங்களின் உற்பத்தி மீளத் தொடங்கியதும் இதன் உற்பத்தி குறைகிறது. செல் மெதுவாக வளரத் தொடங்குகிறது.

லேக் ஓபரானில் படியெடுத்தல் நிலையில் கட்டுப்பாடு நடப்பதைக் கற்பிக்கிறோம். செய்தி உருவான பிறகும் கட்டுப்பாடு உண்டு என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

வகுப்பறைச் செயல்பாடாக, வெதுவெதுப்பான பாலை இரு கிண்ணங்களில் ஊற்றி உறை ஊற்றுங்கள். ஒன்றை வெளியிலும் மற்றதை ஃபிரிட்ஜிலும் வைக்கச் செய்யுங்கள். வெளியில் வைத்தது தோய்ந்ததும் மற்றதையும் வெளியே எடுத்து வைத்தால், அதுவும் சில மணி நேரத்தில் தோயும். பாக்டீரியா இறக்கவில்லை, காத்திருந்தது என்பதை மாணவர்கள் நேரில் காண்பர்.

இதனுடன் ஓர் எச்சரிக்கையும் தேவை. நோய் உண்டாக்கும் லிஸ்டீரியா பாக்டீரியா 4 டிகிரியிலும் பெருகக்கூடியது. ஃபிரிட்ஜ் உணவு கெடுவதைத் தாமதப்படுத்துமே தவிர, கெட்டதை நல்லதாக்காது. இதை மாணவர்கள் வீட்டில் சொல்லட்டும்.