அறுபதுக்குமேல் தொடங்கும் முடக்குவாதம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கேரள-தமிழக எல்லைப்புறக் கிராமங்களில் அறுபது பிராயம் கடந்த ஒருவர், விடியற்காலையில் விரல்களை மடக்கவொண்ணாமல், வேட்டியை இடுப்பில் செருகிக்கொள்ளவும் பிறர் துணையை நாடி, ஒரு மணி நேரம் சென்ற பிறகே கை தம் வசமாகிற நிலையில் இருந்தாலும், "வயசாச்சு, வாதம்தான்" என்றோ, 2007ஆம் ஆண்டில் கேரளத்தைப் பீடித்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்றோ சொல்லி வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் அபாயம் இந்த அலட்சியமே.

மூட்டுத் தேய்மானம் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதமோ ஓய்விலேதான் இறுகும், மூட்டும் வீங்கிச் சூடேறும். சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் விளையும் வியாதி இது. இளம் பிராயத்தில் பெரும்பாலும் பெண்களின் சிறு மூட்டுகளில் மெல்லத் தொடங்குவது, முதுமையில் வரும்போது ஆண்களையும் விடாமல், தோள் முதலிய பெரிய மூட்டுகளைப் பற்றி, சுரமும் மெலிவும் சேர்ந்து சில வாரங்களிலேயே ஆளைக் கிடத்திவிடுவதும் உண்டு. ரத்தத்தில் ஆர்.ஏ. காரணி எனும் முடக்குவாதக் காரணி இல்லையென்பதால் நோயில்லை என்றோ, உண்டென்பதால் நோய் உறுதி என்றோ முடிவு கட்டலாகாது. ஆரோக்கியமான முதியோர் சிலரிடத்தும் அது காணப்படும். சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. பரிசோதனைகளோடு, மூட்டைத் தொட்டுப் பார்த்து நிதானிக்கும் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும்.

முதியவர்தானே, வலி மாத்திரை போதும் என்பது அநீதி. அம்மாத்திரைகள் வியாதியை நிறுத்துவதில்லை. சிறுநீரகத்தையும் இரைப்பையையும் இருதயத்தையும் கெடுக்கக்கூடியவை. ஆரம்ப மாதங்களிலேயே மெதோட்ரெக்சேட் போன்ற, வியாதியின் போக்கையே மாற்றும் ஔஷதத்தைத் தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். சிறுநீரகத்தின் நிலை பார்த்து அளவைக் குறைப்பார்களேயன்றி, வயது ஒன்றே மறுப்பதற்குக் காரணமாகாது.

ஆனால் மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் உட்கொள்ள வேண்டியது. தமிழ்ப் பள்ளியில் படித்த பெரியவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய சீட்டும் மலையாளத்தில் சொன்ன விளக்கமும் சேர்ந்து, வாரம் ஒருமுறை என்பது தினம் ஒருமுறை என்று மனத்தில் பதிந்துவிட்டால், வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகையால் மாத்திரை உறையின்மேல் 'ஞாயிறு மட்டும்' என்பதுபோல் கிழமையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாய்ப்புண், சுரம், மூச்சுத் திணறல் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். கோட்ரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை இதனுடன் சேர்த்தல் கூடாது, மதுவும் ஆகாது. புரியும் சொற்களில் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த சாசனம் சொல்கிறது. அவ்வுரிமை மறுக்கப்பட்டால், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே முறையிடலாம்.

வர்ம ஆசான்களின் தைலமும் தடவலும் இந்த மண்ணின் மரபு. அதைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் வீங்கிச் சூடேறிய மூட்டை அழுத்தித் தடவுதல் கேடு. சேர்மானம் எழுதாத பொட்டலத் தூள் இரண்டே நாளில் வலியைப் போக்கினால், ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடுமென்று சந்தேகிக்க வேண்டும். நீண்ட நாள் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் அபாயமாதலால், பொட்டலத்தோடு வைத்தியரிடம் செல்லுங்கள். வாதத்தைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மாய மருந்துத் தடைச் சட்டப்படி குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

செலவு விஷயத்தில் ஒரு குறை உண்டு. காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்னும் கேரள அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தோருக்கே பெரிதும் உதவும். இந்த வியாதியோ ஆண்டுக்கணக்கில் புறநோயாளியாகவே பார்க்கப்படுவது. எனவே அரசின் பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரியையும், நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியையும், அவர்கள் அனுப்பினால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜையும் நாடுவதே சிலாக்கியம். முதியோருக்குத் தனி வரிசை 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் தந்த உரிமை, கேட்டுப் பெறுங்கள். ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையாதிருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழும் சலுகைகளும் உண்டு.

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காலை இறுக்கமும் மூட்டு வீக்கமும் இரண்டு மூன்று வாரம் நீடித்திருந்தால், அடுத்த திருவிழா கழியட்டும் என்றிராமல், இந்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.