பழைய ஜீப்பும் புதிய தகடும்

செம்பூரில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஜீப் வண்டி ஒன்று நிற்கிறது. அவருடைய தந்தையார் 1968-ஆம் ஆண்டில் புதிதாக வாங்கிப் பதிவு செய்த வண்டி அது. கொங்கணத்து மலைச்சாலைகளில் ஒப்பந்த வேலைகளைப் பார்வையிடச் செல்லும் அப்பெரியவரை முப்பது ஆண்டுகள் சுமந்து திரிந்தது. அவர் ஓய்ந்தபோது வண்டியும் ஓய்ந்தது. அவர் மறைந்த பின்னரோ, அதனைத் திரும்பிப் பார்ப்பாரும் இலராயினர். மும்பையின் மழையும் கடற்காற்றும் தம் வேலையைக் குறைவறச் செய்துவந்தன.

சென்ற ஆண்டு அதனைச் சீர்செய்ய அன்பர் முற்பட்டபோது நம்மையும் துணைக்கு அழைத்தார். தரை விரிப்பை நீக்கினோம். ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தில் தகடு இல்லை. கீழே முற்றத்து மண் தெரிந்தது. அருகே நின்ற அன்பரின் தாயார், "தம்பி, அவர் மிதித்த இடமாகப் பார்த்தல்லவா ஓட்டையாகியிருக்கிறது!" என்று கண்கலங்கினார்.

முதலில் நாம் அணுகிய பட்டறைக்காரர் இதற்கெல்லாம் அசைபவராக இல்லை. பழைய பாடியை எடைக்குப் போட்டுவிட்டு, அகன்ற மட்கார்டுகளுடன் புதிய பாடி ஒன்றைப் பூட்டிப் பத்தே நாளில் தருவதாகச் சொன்னார். செலவும் குறைவு. அன்பரின் மனம் ஒரு கணம் அப்பக்கம் சாய்ந்தது உண்மை.

நம்மைத் தடுத்து நிறுத்தியது சட்டம். முதற்பதிவு பெற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வாணிபத்துக்குப் பயன்படாத சொந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிந்துகொள்ள, மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பதிவு பத்து ஆண்டுகள் செல்லும் என்றும், பின்னர்ப் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்றும் அவ்விதி கூறிற்று. எண் பலகையில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது. கண்காட்சி, தொன்மை வாகன அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் முதலியவற்றுக்கே சாலையில் இறக்கலாம். இவை அனைத்தினும் முதன்மையான நிபந்தனை, வண்டி தன் மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும் என்பதாகும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியமைத்த வண்டிக்கு அத்தகுதி கிட்டாது. பட்டறைக்காரரின் சொற்படி நடந்திருப்பின், பெரியவர் வாங்கிய வண்டி பதிவுப் புத்தகத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆகவே, உறுதியான பழைய தகட்டை விட்டுவைத்து, அரித்த பகுதியை மட்டும் அதே வடிவில் மாற்றுவது எனத் துணிந்தோம். வேலையைத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்துக்கொண்டோம்.

கடையில் தேட வேண்டியது எது, கையால் செய்ய வேண்டியது எது என்பதே அடுத்து எழுந்த வினா. மரக்கிளை விழுந்து நசுங்கிய பானட்டைத் தேடிக் குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக்குச் சென்றோம். பழைய மோட்டார் உறுப்புகளைக் குவித்து வைத்து விற்கும் கடைகள் அங்கு உள்ளன. நம் அன்பரின் வண்டி, அமெரிக்காவின் வில்லீஸ் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட சிஜே-3பி வகை. அதனையே மஹீந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் செய்து விற்றமையால், அதன் உறுப்புகள் இன்றும் அகப்படுகின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வகை வண்டியின் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் புகும் வால்வுகள் மேலே தலைப்பகுதியில் இருப்பதால் எஞ்சின் உயரமானது. அதற்கேற்பப் பானட்டும் முன்புறக் கிரில்லும் உயர்ந்திருக்கும். முந்திய வகையின் தாழ்ந்த பானட் எவ்வளவு அழகாயிருப்பினும் இதற்குப் பொருந்தாது. முதற்கடையில் நாம் ஏமாற இருந்தது இதில்தான். சிறு காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு செல்வதும் நலம். அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு அன்று, கனமாக அப்பிய பட்டியே உள்ளது என அறியலாம். வாங்கும் பொருளுக்கு ரசீது பெறாமல் திரும்புதல் கூடாது. திருட்டு வண்டியின் உறுப்பு நம் தலையில் விழுந்தால் பெருந்தொல்லை.

பானட் கிடைத்தது. தரைத்தகடு கிடைக்கவில்லை. காரணம் எளியது: நம் வண்டியில் எங்கே ஓட்டையோ, கடைகளில் கிடந்த ஒவ்வொரு பாடியிலும் அங்கேயே ஓட்டை! தண்ணீர் தேங்கும் இடம் எல்லா வண்டியிலும் ஒன்றுதானே? ஆகவே தரையையும், அதனைக் கீழிருந்து தாங்கும் மடிப்புச் சட்டங்களையும் செய்தே ஆக வேண்டியதாயிற்று.

அதற்கு முதிய டிங்கர் மிஸ்திரி ஒருவர் வாய்த்தார். பெயின்ட்டைச் சுரண்டி, பழைய தகட்டின் உறுதியான இடத்தில் கனத்தை அளந்தார். ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், அதாவது 18 கேஜ். அதே கனத்தில் சி.ஆர். தகடு வாங்கிவரச் சொன்னார். 22 கேஜ் தகடு மலிவு. ஆயின் அது 0.7 மில்லிமீட்டர்தான். கால் வைத்தால் அமுங்கும். துத்தநாகம் பூசிய தகட்டையும் அவர் விலக்கினார். வெல்டிங் செய்கையில் அப்பூச்சு எரிந்து எழும் புகை காய்ச்சலை வருவிக்கும்.

அறுக்கத் தொடங்குமுன் பாடியைச் சேஸிஸில் போல்ட்டுகளுடனேயே விட்டு, கதவில்லாத இரு வாயில்களிலும் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார். மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொண்டார். தரையை வெட்டியபின் பாடி கோணினால் மீண்டும் நேராக்குதல் அரிது. பின்னர் அட்டையில் மாதிரி வெட்டி, அதன்படித் தகட்டை நறுக்கினார். மூலத்தகட்டில் புடைத்த வரிகள் உண்டு. அவை அழகுக்கு அல்ல, விறைப்புக்கு. அச்சு எந்திரம் இல்லாத அவர், கடின மரத்தில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து, உருண்டைக் கம்பியை வைத்து அடித்து அவ்வரிகளை எழுப்பினார். வெல்டிங்கும் ஒரே மூச்சில் நடைபெறவில்லை. இங்கொரு புள்ளி, எதிர்ப்புறம் ஒரு புள்ளி, சூடு ஆறியபின் அடுத்தது. அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும் என்றார். மடிப்புச் சட்டங்களின் உட்புறம் பெயின்ட் பூசி, தேங்கும் நீர் வடியத் துளைகளும் இட்டார்.

பத்து நாளில் முடியும் என்ற வேலை மூன்று மாதம் எடுத்தது, செலவும் கூடிற்று. தொன்மைப் பதிவுக்கு விண்ணப்பம் அளித்தாயிற்று. அதிகாரிகளின் சோதனைக்காக வண்டி காத்து நிற்கிறது. முடிவு அவர்கள் கையில். எனினும், இடப்பக்க வாயிலோரம் பெரியவரின் செருப்புத் தேய்த்து மழுங்கிய பழைய விளிம்பு அப்படியே இருக்கிறது. அன்பரின் தாயார் அதனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி அமர்ந்தார்.

இத்தகைய வண்டி வைத்துள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மழைக்கு முன் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமிருந்தால் உலர்த்துங்கள், வடிதுளை அடைந்திருந்தால் குத்தித் திறவுங்கள். ஒரு நாழிகை வேலை அது. தவறினால் நம்மைப்போல் மூன்று மாதம் ஆகும்.