புதுக் கணினிக்கு முதல் மின்சாரம்

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய போலகத்தில் ஒரு மின் நிலையமே இருக்கிறது. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திறனுள்ள, புதுச்சேரி அரசு நிறுவனத்தின் நிலையம் அது. ஆனால் மின்சாரம் பக்கத்திலேயே பிறந்தாலும், வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டருக்கு முதன்முறை சுவிட்ச் போடுகிறவர் தொடங்கவேண்டியது அங்கேதான்.

காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, இரைச்சலை வடிகட்டும்போது சிறிதளவு மின்னோட்டத்தை எர்த் கம்பி வழியே வெளியேற்றும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினட்டின் இரும்பிலேயே தங்கி, தொட்டவர் விரலில் சுரீரென்று ஏறும். மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனை எர்த்துக்கானது. அதை ஒடித்து இரண்டு முனைப் பாயின்ட்டில் செருகுவது ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

கடலோர ஊர் என்பதால், அடுத்தது கடற்காற்று. உப்பு படிந்த இடம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உலோக இணைப்புகள் நாளடைவில் அரித்துப்போகும். ஆகவே ராம், மதர்போர்டு ஆகியவற்றைப் பூட்டும் நேரம் வரை அவற்றின் உறையிலேயே வைத்திருக்கவேண்டும். கடல் பக்கம் திறக்கும் ஜன்னலோரம் கேபினட்டுக்கு ஏற்ற இடமல்ல.

முதல் சோதனைக்கு எல்லாவற்றையும் மாட்டவேண்டியதில்லை. எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, பிராசஸர், அதன்மேல் விசிறி, ஒரே ஒரு ராம், மானிட்டர் போதும்; பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஏதாவது பழுதென்றால் தேடவேண்டிய இடங்கள் குறையும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறதா? பெரும்பாலும் பிராசஸருக்கென்று தனியாக வரும் 8 முனைக் கம்பியை மாட்ட மறந்திருப்பார்கள். அல்லது ராம் இரு பக்கமும் ‘க்ளிக்’ என்று உட்காராமல் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பதும் உண்டு. டி.டி.ஆர்.5 ராம் என்றால் பொறுமையும் தேவை: முதன்முறை அது தன்னைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் பதறி மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடாது.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டர், சோதனை முடிந்து எல்லாம் சரியென்றால் ஒரு ‘பீப்’ கொடுத்தது. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த வேலையைச் சிறு விளக்குகள் செய்கின்றன. பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்ற நான்கில் எது அணையாமல் எரிகிறதோ, கோளாறு அங்கே.

திரையில் பயாஸ் அமைப்புத் திரை வந்ததும், மின்சாரத்தை நிறுத்தி மீதிப் பாகங்களையும் மாட்டி, மீண்டும் பயாஸில் மூன்றைப் பார்க்கவேண்டும். ராம், எஸ்.எஸ்.டி. இரண்டும் முழு அளவில் தெரிகின்றனவா? பிராசஸரின் வெப்பம் விறுவிறுவென்று ஏறுகிறதா? ஏறினால் உடனே நிறுத்தி, விசிறித் தொகுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். தேதியும் நேரமும் சரியா? அது தவறினால் வங்கி இணையதளங்கள்கூடத் திறக்க மறுக்கும்.

பிறகுதான் இயங்குதளம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளின் வழக்கமான காலம் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், புதுக் கம்ப்யூட்டரில் அதைப் போடுவதில் பொருளில்லை. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். டி.பி.எம். இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். செலவில்லாமல் வேண்டுவோர்க்கு உபுண்டு இருக்கிறது; மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது.

கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: தமிழ் விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற தமிழ்99, 31 விசைகளில் மொழி முழுவதையும் அடக்கியது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். புள்ளி தானாக விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். 2019 மேம்பாட்டிலிருந்து விண்டோஸிலேயே இது இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையை அன்றைக்கே தட்டச்சு செய்யத் தொடங்கலாம்.