ஒரு ஃபோல்டர், இரண்டு கதவு

எடமலைப்பட்டி புதூர்ல நாங்க நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டுல நாலு லேப்டாப், ஒரே ப்ராஜெக்ட். ரிப்போர்ட் மட்டும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’னு மூணு பென்டிரைவ்ல சுத்திக்கிட்டு இருந்தது. இதுக்கு டேட்டா செலவில்லாத வழி, மூலையில கிடக்கிற பழைய கம்ப்யூட்டரை ஃபைல் சர்வரா மாத்துறதுதான். எல்லாம் வீட்டு வைஃபை ரூட்டர் வழியாவே போகும்.

அதுல உபுண்டுவும் சாம்பாவும் போட்டா போதும். விண்டோஸ் ஃபோல்டர்களைப் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 வாக்கில் எழுதின மென்பொருள்தான், பிறகு மற்ற கணினிகளும் அதைப் பேச உதவுற சாம்பாவா வளர்ந்தது. எஸ், எம், பி மூணும் வர்ற வார்த்தையை அகராதியில தேடி வச்ச பேர். நம்ம சம்பா நெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!

பலரும் மாட்டிக்கிற இடம் அனுமதி. இங்கே கதவு இரண்டு. முதல் கதவு சாம்பாவோட கான்ஃபிக் ஃபைல்: யார் வரலாம், எழுதலாமா கூடாதான்னு அது சொல்லும். இரண்டாவது, அந்த ஃபோல்டருக்கு லினக்ஸே வச்சிருக்கிற அனுமதி. இரண்டும் சம்மதிச்சாத்தான் ஃபைல் சேவ் ஆகும். கான்ஃபிக்ல எல்லாம் சரியா இருந்தும் சேவ் ஆகலைன்னா, இரண்டாவது கதவைப் பாருங்க. நாலு பேரையும் ஒரே குரூப்ல சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குரூப்புக்குக் கொடுத்து, எழுதும் உரிமையும் தரணும். அதோட விட்டா, ஒருத்தர் உருவாக்குற புது ஃபைலை மத்தவங்க திருத்த முடியாம போகலாம். அதனால கான்ஃபிக்ல ஃபோர்ஸ் குரூப்போட, கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 0770 கொடுத்துடுங்க.

லினக்ஸ் பாஸ்வேர்ட் வேற, சாம்பா பாஸ்வேர்ட் வேற. இரண்டாவதைத் தனியா வைக்கணும். பிறகு விண்டோஸ் ரன் பெட்டியில இரண்டு பேக்ஸ்லாஷ், சர்வரோட ஐபி எண், இன்னொரு பேக்ஸ்லாஷ், ஷேர் பெயர். அவ்வளவுதான். ஐபி மாறாம இருக்க ரூட்டர்ல ரிசர்வ் பண்ணுங்க.

பழைய டிவிக்காக எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணச் சொல்றவங்க இருப்பாங்க. பண்ணாதீங்க. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவினது விண்டோஸோட எஸ்எம்பி 1-ல இருந்த ஓட்டை வழியாத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தும், போடாத கணினிகள் மாட்டிக்கிச்சு. ரூட்டர்ல 445-ம் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம்.

இன்னொண்ணு, ஷேர்ல டிலீட் பண்ணது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நாலு பேருக்கும் ஒரேயடியா போயிடும். சாம்பாவோட ரீசைக்கிள் மாட்யூலை ஆன் பண்ணிட்டு, ரிவ்யூவுக்கு முன்னாடி வெளி ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வைங்க.