வேலி பாயும் ஆட்டைத் திருத்தும் முறை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நெல்லையும் மரக்கறியையும் பயிரிடும் கமக்காரர் பலர், வீட்டுச் செலவுக்கு உதவியாக நாலைந்து ஆடுகளையும் வளர்த்து வருகின்றனர். பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மாட்டுப் பட்டிகளை வயற்புறத்தினின்று அகற்றி, மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்வது இப்பகுதி வழக்கம். ஆடுகளோ வீட்டு வளவிலேயே நிற்பன. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இளம்பயிருக்கு அருகே நிற்கும் கால்நடை பெரும்பாலும் ஆடுதான்.

மந்தையில் ஓர் ஆடு முரண்டு பிடித்து வேலி பாயப் பழகிவிட்டால், ஏனைய ஆடுகளும் அதனைப் பின்தொடரும். அயலவரின் கத்தரி, மிளகாய், பயிற்றை முதலியன ஒரு பொழுதிலே அழிந்துபோம். பின்னர் சச்சரவு எழும். மனம் வெறுத்த கமக்காரர் அவ்வாட்டை இறைச்சிக்கு விற்றுவிடுகின்றார். ஆனால், துடிப்பும் நல்ல பசியும் உடைய இத்தகைய மறியே மந்தையில் நன்கு பால் சுரந்து குட்டிகளை வளர்ப்பதாகவும் இருக்கலாம். ஆதலால் விற்குமுன் அதன் குறும்புக்குரிய காரணத்தை ஆராய்தல் நன்று.

ஆட்டின் இயல்பு

மாடு புல்லை மேயும். ஆடோ இலையையும் கொழுந்தையும் நாடும். முன்னங்கால்களைத் தூக்கி நின்று உயரத்திலுள்ள இலையை எட்டிப் பறிப்பது அதன் பிறவிக் குணம். வேலியிலே கால் வைப்பது பகையினால் அன்று.

ஆட்டின் நினைவாற்றலும் பெரிது. இலண்டன் குயீன் மேரிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், கயிற்றைப் பல்லால் இழுத்து, நெம்பை உயர்த்தி, பெட்டியினின்று தீனியைப் பெறும் முறை ஆடுகளுக்குப் பழக்கப்பட்டது. அதனைக் கற்ற ஆடுகள் 10 மாதங்களின் பின்னரும் மறவாதிருந்தன. இதிலிருந்து கமக்காரர் அறிய வேண்டியது யாதெனில், கடப்பின் கயிற்றை ஒருமுறை அவிழ்க்கக் கற்ற ஆடு அடுத்த போகத்திலும் அதனை நினைவில் வைத்திருக்கும் என்பதே. அடித்தலால் இந்நினைவு அழியாது. ஆடு ஆளைக் கண்டு அஞ்சி ஓடப் பழகும். ஆளில்லாத வேளையில் மீண்டும் வேலி பாயும்.

காரணத்தை அறிதல்

ஆறு ஆடுகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் குழை போடப்படுகின்றது. கொம்புள்ள பெரிய மறி ஏனையவற்றை முட்டித் தள்ளித் தான் உண்கின்றது. தள்ளப்பட்ட ஆடு பசியுடன் வேலியோரம் சென்று வழி தேடுகின்றது. இங்கே வேலி பாய்வது ஓர் ஆடு. பாயச் செய்வது மற்றோர் ஆடு. ஆகவே முதலில் மூன்று நாட்கள் தீனி வேளையில் மந்தையைக் கவனித்து நில்லுங்கள்.

குறும்பு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை தோன்றி, ஓரிரு நாட்களில் அடங்குமாயின், மறி சினைப்பருவம் கொண்டுள்ளது எனக் கருதலாம். ஓயாது கத்துதலும் வாலை ஆட்டுதலும் அதன் அறிகுறிகள். அந்நாட்களைக் குறித்து வைத்து, அடுத்த முறை ஆட்டைக் கட்டிலே நிறுத்துக. மரப்பட்டையை உரித்தும் சுவரை நக்கியும் திரியும் ஆட்டுக்கு உப்பும் தாதுப்பொருளும் குறைவாயிருத்தல் கூடும். அதற்கு உப்புக்கட்டியைக் கொட்டிலிலே தொங்கவிடுக.

தீனி

30 கிலோகிராம் நிறையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் உலர்பொருள் தேவை. பச்சைக் குழையாயின் இது 3 முதல் 4 கிலோகிராம் வரையாகும். மேயவிடுமுன் காலையிலேயே ஒரு பங்கு குழை கொடுத்தால், ஆடு வேலியை நாடுவது பெரிதும் குறையும். பூவரசு, முள்முருங்கை, சீமைக்கிளுவை, பலா ஆகியவற்றின் குழை ஏற்றது. சீமைக்கிளுவையைச் சற்று வாடவிட்டுக் கொடுத்தால் விரும்பி உண்ணும். இபில் இபில் குழையைத் தீனியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக் கொடுத்தலாகாது.

குழையைத் தரையிற் கொட்டாது, கட்டுகளாக வெவ்வேறு இடங்களிலே தொங்கவிடுக. தொட்டியாயின் ஆடொன்றுக்கு ஓரடி இடம் வேண்டும். முட்டித் தள்ளும் ஆட்டைத் தீனி வேளையில் தனியே கட்டுக.

வேலியும் கடப்பும்

வேலி நாலடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். கீழ்ப்பகுதியில் ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருத்தலாகாது. குட்டிகள் உள்ள வளவில் இதனினும் நெருக்கமாக அடைக்க வேண்டும். கிடுகு வேலி மட்டும் ஆட்டைத் தடுக்காது. ஆடு உண்ணும் மரங்களை வேலிக் கதியாலாக நட்டிருந்தால், அவை வேர்கொண்டு வலுப்பெறும் வரை தடி கட்டிக் காக்குக. வேலியோரத்துக் கல், மரக்கட்டை, சாய்ந்த மரம் முதலியவற்றை அகற்றுக. ஆடு இவற்றையே படியாகக் கொள்ளும். கடப்பின் பூட்டு வெளிப்புறத்தில், ஆட்டின் வாய்க்கு எட்டாதபடி அமைதல் வேண்டும்.

கழுத்துத் தடியும் கயிறும்

மூன்று இலேசான தடிகளை முக்கோணமாகக் கட்டிக் கழுத்திலே மாட்டினால், ஆடு வேலிக்குள் நுழைய முடியாது. தடி கழுத்தை உராயாதிருக்கின்றதா என நாள்தோறும் பார்க்க. இரவிலும் கொட்டிலிலும் அதனைக் கழற்றிவிடுக. சினை முதிர்ந்த மறிக்கு மாட்டற்க.

கட்டி மேய்ப்பதாயின் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்திலே கட்டி, நாளுக்கு இருமுறை இடம் மாற்றுக. ஆடு தாவக்கூடிய வேலிக்கருகே கட்டுதல் தகாது. மறுபுறம் பாய்ந்து கயிற்றில் தொங்கி இறக்க நேரிடும்.

கிடாய்

கிடாய்க் குட்டியை மூன்று, நான்கு மாதத்திலே மறிகளினின்று பிரிக்க வேண்டும். இனவிருத்திக்கு வேண்டாதவற்றை இளமையிலேயே கால்நடை வைத்தியரைக் கொண்டு நலமடித்தல் நன்று. சிறு பிள்ளைகள் குட்டியுடன் தலைமுட்டி விளையாடுவதைத் தடுக்க. வேடிக்கையாகப் பழகிய முட்டு, வளர்ந்தபின் காயம் விளைக்கும்.

அறுவடைக் காலத்து ஆபத்து

வேலி பாயும் ஆட்டினால் பயிருக்கு மாத்திரமன்றி, ஆட்டுக்கும் கேடுண்டு. மாசி, பங்குனியில் களத்துக்கோ நெல் மூடைக்கோ தப்பிச் செல்லும் ஆடு வயிறு நிறைய நெல் உண்டால், இரைப்பையில் அமிலம் மிகுந்து ஓரிரு நாட்களில் இறக்கவுங்கூடும். தீனி மறுத்தல், இடப்புற வயிறு வீங்குதல், பல்லை நெறுநெறுத்தல், நீர்த்த கழிச்சல் என்பன அறிகுறிகள். தானியத்தையும் தவிட்டையும் உடனே நிறுத்தி, வைக்கோல் மட்டும் வைத்து, தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைக்க. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் நஞ்சுண்டு. பூச்சிநாசினி தெளித்த தோட்டத்திற் புகுந்த ஆட்டையும் அவதானித்தல் வேண்டும்.

அயலவர் உறவு

கால்நடைகள் பிறர் காணியிற் புகுவது பற்றி இந்நாட்டில் 1876ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வழக்கினால் அயலுறவு வளராது. உங்கள் ஆடு பயிரை அழித்திருப்பின், அன்றைக்கே சென்று பார்த்து, நட்டத்தை ஒப்புக்கொண்டு ஈடு செய்க. பொது வேலியை இருவரும் சேர்ந்து அடைத்தல் இருவர்க்கும் இலாபம்.

மேற்கூறியவற்றை ஒருங்கே செய்து இரண்டு மாதம் பார்க்க. அதன் பின்னும் ஓர் ஆடு திருந்தாதாயின், மந்தை முழுவதும் அதன் வழியே பழகுமுன் அதனை விலக்குதலே முறை. வாங்குவோருக்கும் அதன் குணத்தை மறையாது கூறிவிடுக. மேலும் அறிய வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையோ அரச கால்நடை வைத்தியரையோ அணுகுவாராக.